ஆமென் சொல்லி இட்ட கையெழுத்து

கண்களை இறுக மூடிக்கொண்டு, இடது உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடி, அவர் திரையரங்கின் பக்கவாட்டு நடைபாதையில் நடந்துகொண்டிருக்கிறார். உதடுகள் அடிகளை எண்ணுகின்றன. பதினேழாவது அடியில் முழங்கால் எதிலோ இடிக்கிறது. கண்ணைத் திறக்காமலே குனிந்து தடவுகிறார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு நாற்காலிகள். பின்னால் வரும் மேலாளருக்கு வியர்க்கிறது.

"பாத்து சார். விழுந்துடப் போறீங்க."

"விழத்தான் வந்திருக்கேன். புகையில ஒருத்தர் விழப்போற எடத்துல இன்னிக்கே நான் விழுந்து பாத்துட்டா என் வேலை முடிஞ்சுது."

நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு இன்னும் ஒன்பது அடி. கதவு தட்டுப்பட்டதும் கைப்பிடியைத் தேடுவதில்லை. தோளால் ஒரு தள்ளு. கதவு வெளிப்பக்கம் திறந்து முகத்தில் வெயில் பட்ட பிறகுதான் கண் திறக்கிறார். "ஓடி வர்றவன் கைப்பிடியைத் தேடிக்கிட்டு நிக்க மாட்டான். பின்னால வர்றவன் நிக்க விடவும் மாட்டான்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, நாற்காலிகள் இருந்த இடத்தில் தரையில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார்.

தீத்தடுப்பு ஆய்வாளர் என்பது பதவி. 'கதவு ஐயா' என்பது ஊர் வைத்த பெயர். தண்ணீர்க் குழாய் தூக்கும் வீரராகச் சேர்ந்து, புகையிலும் சாம்பலிலும் பாடம் படித்து, சட்ட நூல்களைத் தானே வாங்கிப் பென்சிலால் கோடிட்டு ஆய்வாளரானவர். தோள்பையில் அளவுநாடா, சாக்கட்டி, சோற்றுப் பாத்திரம், ஒரு சுருள்வில் தராசு. தராசு எதையும் நிறுப்பதற்கல்ல. கதவுப் பிடியில் மாட்டி இழுத்து, அதைத் திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்ப்பதற்கு. காய்ச்சலில் பத்து நாள் கிடந்து எழுந்த ஆளாலும் திறக்க முடிந்தால்தான் அது கதவு. இல்லையென்றால் அது சுவர் என்பது அவர் கட்சி.

விருந்துக்குப் போன வீட்டிலும் இதே வேலைதான். கை கழுவும் சாக்கில் பின்கட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். "சாப்பிட வந்த எடத்துலயாவது சும்மா உக்காருங்களேன். பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றீங்க" என்பார் மனைவி.

விடிந்ததும் முதல் வேலை ஜெபம். மற்றவர்கள் நோயாளிகளையும் பரீட்சை எழுதும் பிள்ளைகளையும் நினைத்து ஜெபிப்பார்கள். இவர் கட்டடங்களை நினைத்து ஜெபிக்கிறார். ஒரு பழைய நோட்டில் பட்டியல் இருக்கிறது. "சந்தைக்குப் பின்னால இருக்கிற விடுதி, ஆண்டவரே. மாடிப்படியில மறுபடியும் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்காங்க. நான் வியாழக்கிழமை போறேன். அதுவரைக்கும் நீர் பாத்துக்கொள்ளும்." சரிசெய்த கட்டடத்தைப் பட்டியலில் அடித்துவிடுவார். இந்த மாதம் கடைசி வரியில் அவருடைய சொந்தச் சபையின் புது மண்டபம் இருக்கிறது. அந்த வரிக்கு வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடுவதை, அடுக்களையில் இருக்கும் மனைவி கவனித்து வருகிறார்.

அலுவலகத்தில் அவருக்கு அடுத்த மேசை ஒரு பெண் பொறியாளருடையது. வயதில் இளையவர், வேலையில் புலி. எந்தச் சாமியும் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவருக்கும் ஒரே சண்டை, ஆறு வருடமாக.

"அரசாங்க வேலையில உங்க ஆண்டவருக்கு என்ன சார் வேலை?"

"நான் ஒரு அறிக்கையிலயாவது அவர் பேரை எழுதியிருக்கேனாம்மா?"

"எழுதல. ஆனா மேல இருந்து ஒருத்தர் பாத்துட்டே இருக்காருன்னுதானே ஒழுங்கா இருக்கீங்க. யாரும் பாக்கலன்னாலும் கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கணும். ஆள் சாகக்கூடாது, அவ்ளோதான். இதுக்கு எதுக்கு சாமி?"

"ஆள் சாகக்கூடாதுன்னு யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

அவர் ஒரு கவளத்தை மென்று விழுங்கும் வரை காத்திருந்து சொல்வார்: "நீங்க சொன்னா உங்களுக்குப் போதும்மா. நான் சொன்னா எனக்குப் போதாது. என்னை எனக்குத் தெரியும்."

பொறியாளர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஊறுகாய்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்.

மண்டப விவகாரம் நடந்தது இப்படி. சபைக் குழுவின் செயலாளர் அவருடைய மனைவியின் அண்ணன். முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்துக்கு வரைபடம் தயாரானதும், தீத்தடுப்பு ஒப்புதலுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகரையும் குழுவினரையும் கூட்டிக்கொண்டு நேராகக் கதவு ஐயாவின் வீட்டுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். ஆறு பேரும் அதன்மேல் கை வைத்தார்கள். போதகர் உருக்கமாக ஜெபித்தார். நீண்ட ஜெபம். பாதியில் மச்சான் விசும்பினார். பதினொரு வருடக் கனவு அவருக்கு அது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஆமெனோடு ஆமெனாக மச்சான் பேனாவை நீட்ட, இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வரைபடத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை ஒரு சின்ன வளைகோடு காட்டும். வேறு எவருடைய வரைபடமாக இருந்தாலும் அவர் கண் முதலில் போய் நிற்பது அந்த வளைகோட்டில்தான். அன்று போகவில்லை. இத்தனை பேர் கை வைத்து ஜெபித்த தாளை மறுபடி விரித்து நாடாவால் அளப்பது நம்பிக்கைக் குறைவு மாதிரி அவருக்குப் பட்டது. சொந்தச் சபையின் வரைபடத்தை வேறொருவரிடம் தள்ளியிருக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை.

மண்டபம் எழும்பியது. பிரதிஷ்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது இறுதி ஆய்வுக்குப் போனார். பளபளவென்று தரை, புதுச் சாயத்தின் வாசனை. வழக்கம்போல் மேடைப் பக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவி நடந்தார். முப்பத்தெட்டாவது அடியில் பிரதான வாசல். தோளால் தள்ளினார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். தோள்பட்டை வலித்தது.

பின்னாலிருந்து மச்சான் சிரித்தார். "இழுக்கணும் மாப்பிள்ளை. இழுத்துப் பாருங்க, வெண்ணெய் மாதிரி வரும்."

கண்ணைத் திறந்து பார்த்தார். செதுக்கு வேலை செய்த இரட்டைக் கதவு, ஆள் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. உள்பக்கம்தான் திறக்கும். வெளியே வாசலை ஒட்டியே படிகள் இறங்கின; கதவை வெளிப்பக்கமாகத் திருப்ப இடமில்லை. படிகளை இடித்து, நிலையை மாற்றி, கதவைத் திருப்பி மாட்ட மூன்று வாரமாவது ஆகும். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் இந்தக் கதவை நோக்கி ஓடிவந்தால், முன்னால் நிற்பவர் இழுப்பதற்கு ஓரடி பின்னால் நகர வேண்டும். அந்த ஓரடியை யாரும் அவருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

"மச்சான், இதுக்கு நான் சான்று குடுக்க முடியாது."

மச்சான் முதலில் அதை வேடிக்கை என்றே நினைத்தார். பிறகு முகம் மாறியது. "பத்து நாள்ல பிரதிஷ்டை. அதுக்கு அடுத்த வியாழக்கிழமை என் பொண்ணு கல்யாணம், இதே மண்டபத்துல. பத்திரிகை ஊர் முழுக்கப் போயாச்சு. தெரியும்ல?"

"தெரியும். நானும் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"ஆண்டவரோட வீடு இது. அவர் காப்பாத்த மாட்டாரா?"

"காப்பாத்துவாரு. அதுக்குத்தான் ஆய்வாளர்னு ஒரு வேலையை வச்சிருக்காரோ என்னவோ."

"பெரிய நியாயஸ்தர். வரைபடத்துல கையெழுத்துப் போட்டது யாரு? நானா?"

"நான்தான்."

"அப்ப கண்ணு எங்க இருந்துச்சு?"

"மூடியிருந்தேன் மச்சான். எல்லாரும் மூடியிருந்தோம்."

மச்சான் கைக்குட்டையால் கதவின் செதுக்கு வேலையில் இருந்த தூசியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

வீட்டுக்குச் செய்தி இவருக்கு முன்பே வந்திருந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். "அண்ணன் மூஞ்சியில இனி எப்படி முழிக்கிறது நான்? அந்தப் பொண்ணு அழுவுது. 'மாமாவா இப்படி'ன்னு கேக்குது."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நெசமாவே அவ்ளோ மோசமா அந்தக் கதவு?"

"ஆமா."

மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அப்ப எழுதுங்க. ஆனா அண்ணன் கட்டினது தப்புன்னு மட்டும் எழுதி அனுப்பிட்டு வந்து உக்காராதீங்க. இந்த மேசையில நடந்தது எனக்கும் தெரியும். காபி குடுத்தவ நான்தான்."

மறுநாள் அலுவலகத்தில், எழுதிய தாளைப் பொறியாளரிடம் நீட்டினார். மண்டபம் தமக்கு வேண்டியவர்களுடையது என்பதால் ஆய்வை அவரிடம் ஒப்படைப்பதாக முதல் பத்தி. வரைபடத்தைச் சரியாகப் பார்க்காமல் ஒப்புதல் அளித்தது தம்முடைய தவறு என்று இரண்டாவது பத்தி. பொறியாளர் இரண்டு முறை படித்தார்.

"முதல் பத்தி போதும் சார். ரெண்டாவதை எடுத்துடுங்க."

"ஏம்மா?"

"விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ஓய்வுக்கு எட்டு மாசம்தான் இருக்கு உங்களுக்கு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நான் போய்ப் பாக்கறேன், கதவு தப்புன்னு நானே எழுதறேன். வரைபடத்தை யாரு பாத்ததுன்னு எவனும் கேக்க மாட்டான்."

"நீங்க பொய் எழுத மாட்டீங்களே."

"எழுதாம விடறது பொய்யில்ல சார்."

"இந்தப் பேச்சை நான் பேசியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

பொறியாளர் தாளை மேசைமேல் வைத்து, ஓரங்களைச் சேர்த்து நேராக்கினார். "உங்க ஆளுங்களே ஞாயித்துக்கிழமை உங்களைத் திட்டுவாங்க. உங்களுக்காக வாதாட நான் ஒருத்திதான் இருப்பேன், அதுவும் சாமி இல்லாதவ" என்றார். அன்று மாலையே மண்டபத்துக்குப் போய்ப் பூட்டுக்கு மேல் தடை அறிவிப்பை ஒட்டிவிட்டு வந்தார். இரண்டு பத்திகளும் கோப்பில் அப்படியே இருந்தன. சொன்னபடி நோட்டீசும் வந்தது.

பிரதிஷ்டை தள்ளிப்போனது. கல்யாணத்துக்கு வேறு மண்டபம் பார்த்தார்கள். புது மண்டபத்தை நம்பிப் பழைய ஆலயத்தை ஏற்கெனவே இடிக்கத் தொடங்கிவிட்டதால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை திறந்த மைதானத்தில், துணிப்பந்தலின் கீழ் நடந்தது. அவரும் மனைவியும் போனார்கள். கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த குடும்பம் தற்செயலாக எழுந்ததுபோல் எழுந்து வேறு வரிசைக்குப் போனது.

"இங்கதான் கதவே கிடையாதே. ஐயாவுக்கு இன்னிக்கு ரொம்ப நிம்மதியா இருக்கும்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மனைவியின் காது சிவந்தது. கதவு ஐயா பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

நற்கருணை நேரம் வந்தது. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், அதைத் தீர்த்துக்கொண்ட பிறகே அப்பத்துக்கும் ரசத்துக்கும் போக வேண்டும் என்பது அந்தச் சபையில் எல்லோரும் கைக்கொள்ளும் ஒழுங்கு. வரிசை வரிசையாக மக்கள் எழுந்து முன்னே போனார்கள். மனைவி எழுந்தார், கணவரைப் பார்த்தார். அவர் எழவில்லை. மனைவி தனியே போனார். நாற்பது வருடத்தில் இவர் நற்கருணைக்குப் போகாத முதல் ஞாயிறு அதுதான்.

சுற்றியிருந்த நாற்காலிகள் காலியான பிறகு கவனித்தார். முன்வரிசையில் இன்னொருவரும் எழாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த பிடரி. மச்சான்.

கதவு ஐயா எழுந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனார். முன்வரிசைக்குப் போய் மச்சானுக்கு அருகே நின்றார். பக்கத்து நாற்காலியில் மச்சானின் பாட்டுப் புத்தகமும் கண்ணாடிக்கூடும் இருந்தன. மச்சான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பந்தலின் ஓரத்தில் காற்றில் அடித்துக்கொண்டிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, பார்வையைத் திருப்பாமலே கையை நீட்டி, புத்தகத்தையும் கண்ணாடிக்கூட்டையும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.