உடைக்கு ஒரு பாட்டு

என் தம்பி நதீர் நானூறு மணப்பெண்களுக்கு மேல் பாட்டுப் போட்டிருக்கிறான். ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் அல்ஜியர்ஸில் கல்யாணத்தன்று பிற்பகல் பெண்களுக்கான விருந்து. ஆண் என்பதால் கூடத்து மூலையில் திரைச்சீலை கட்டி, அதற்குப் பின்னால் மடிக்கணினியோடு அவனை உட்கார வைப்பார்கள்.

நான் உள்ளறையில் மணப்பெண்ணுக்கு உடை மாற்றுபவள். ஆறேழு உடைகள், ஒவ்வொன்றும் ஓர் ஊருடையது, ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்ப் பாட்டு. பெண் தயாரானதும் ஃபோனில் உடையின் பெயரைச் சொல்வேன். அவன் பாட்டைப் போடுவான். "எவ்ளோ நேரம்?" என்று கேட்பேன், கணினியைப் பார்த்துச் சொல்வான். அதற்குள் அடுத்த உடையின் ஊசிகளை எடுத்து வைக்க வேண்டும். உடை, பாட்டின் முதல் வரி, நீளம் மூன்றையும் நோட்டில் எழுதிவிடுவேன். ஆறு வருடத்தில் ஒரு கல்யாணமும் விட்டதில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவனும் பெரிதாகப் படிக்கவில்லை. ஆனால் பதினோராயிரம் பாட்டுகளை அவன் அடுக்கியிருந்த அழகை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வேன். பாட்டுகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருளில் 'வகை' என்றொரு கட்டம் உண்டு. அதில் அவன் உடையின் பெயரை எழுதினான். கராக்கு என்றால் அல்ஜியர்ஸ் பாட்டுகள், ஷெத்தா என்றால் திலெம்சான் பாட்டுகள். இரண்டு எழுத்து தட்டினால் வரிசையாக வந்து நிற்கும். இது அவனுக்கே தோன்றிய யோசனை.

சென்ற மாதம், வியாழக்கிழமைக் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, அந்த மென்பொருள் அவனிடம் ஒரு கேள்வி கேட்டது. விடுபட்ட விவரங்களையெல்லாம் நிரப்பித் திருத்தவா என்று. ஆல்பத்தின் அட்டைப்படங்கள் வரும் என்று நினைத்து 'சரி' என்றான். படங்கள் வந்தன. கூடவே, எல்லா உடைப்பெயர்களும் அழிந்து, பதினோராயிரத்துக்கும் ஒரே வகை வந்திருந்தது: உலக இசை.

"உலக இசையாம்க்கா," என்றான், முகம் வெளுத்துப்போய். "அப்ப நாம எங்க இருக்கோம், நிலாவுலயா?"

"நகல் வெச்சிருப்பியே?"

"வெச்சிருந்தேன். அதையும் சேத்துத் திருத்திடுச்சு."

மணப்பெண்ணின் அம்மா ஸுலைகாவை எனக்குத் தெரியும். தன் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் ஷெத்தாவுக்கு ஓரான் ஊர்ப் பாட்டைப் போட்டவனைப் பற்றி ஒன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவள். அந்த ஆளை அதன்பிறகு இந்தப் பக்கம் யாரும் கூப்பிட்டதில்லை. நதீருக்கும் அதுதான் நடக்கும்.

நோட்டைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். எனக்குப் பாட்டின் பெயரோ பாடகரோ தெரியாது, முதல் வரிதான். கோப்புகளிலோ பெயர்கள்தான் இருந்தன. ஆகவே ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். நான் கேட்டு, நோட்டில் தேடி, உடையைச் சொல்ல, அவன் தட்டினான். மூன்று நாள். காது இரைந்தது. காபி ஆறி ஏடு கட்டியது. மதியத்துக்கு மேல் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்டது.

"இது ப்லூஸா உடைக்கு," என்றேன்.

"காலைல இதையேதான் கந்தூரா உடைக்குன்னு சொன்ன."

"காலைல எனக்குக் காது இருந்துச்சுடா."

ஸுலைகாவின் பட்டியலில் இருந்த ஆறு உடைகளுக்கு முந்நூற்றுச் சொச்சம் பாட்டுகள் தேறின. ஔரஸ் மலைப்பக்கத்து மெல்ஹஃபாவுக்கும் பார்த்துவிடலாமா என்று கேட்டான். "பட்டியல்ல இல்ல. விடு, முதுகு ஒடியுது," என்றேன். நானாக ஒரு வேலையைப் பாதியில் விட்டது அன்றுதான்.

வியாழக்கிழமை ஐந்து உடைகள் பிசகில்லாமல் போயின. ஆறாவதை விரிக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா ஒரு மூட்டையோடு உள்ளறைக்கு வந்தார். ஔரஸ் மலைப்பக்கத்துப் பாத்னா ஊர்க்காரி. மூட்டையில் கறுப்பு மெல்ஹஃபா, வெள்ளிக் கொக்கிகளோடு.

"எங்க ஊர் உடை இல்லாம எங்க வீட்டுக்கு வருவாளா?"

ஸுலைகாவின் உதடு இறுகியது. ஆனால் தலையாட்டினாள். நான் ஒரு கையால் கொக்கியை மாட்டிக்கொண்டே ஃபோனை எடுத்தேன்.

"நதீர், மெல்ஹஃபா."

மெல்லக் கேட்டான்: "பதினோராயிரத்துல எதுக்கா?"

பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். முதல் வரியைப் படித்தேன். "வரிய வெச்சுத் தேட முடியாதுக்கா," என்றான். அடுத்த கட்டத்தில் இருந்ததையும் படித்தேன். "ஆறு நிமிஷம் நாப்பத்தி ரெண்டு செகண்டு."

"நீளத்த அது தொடவே இல்லக்கா," என்றான். "நீளத்த வெச்சு அடுக்குறேன், இரு." தட்டும் ஓசை. "மூணு இருக்கு... இது எகிப்து... இது இல்ல... இந்தா."

கூடத்தில் புல்லாங்குழல் எழுந்தது, பின்னாலேயே தோல்பறை. பாத்னாக்காரி குலவையிட்டார். பெண் நடந்தாள்.

எல்லாம் முடிந்து, கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த நதீரிடம் போனேன். அவன் கண் சிவந்திருந்தது.

"எல்லாப் பாட்டுக்கும் நீளம் எழுதியிருக்கியா?"

"ஆறு வருஷமா. ஒவ்வொன்னும் நீதானடா சொன்ன."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்ப மூணு நாள் எதுக்குக்கா கேட்டோம்?"

கம்பியின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தேன்.