காப்புக் கட்டிய ஜூனிப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கிணற்றடியில் ஒரு சின்ன மரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதன் உடம்பில் சுற்றியிருந்த செப்புக் கம்பியை எடுத்தாக வேண்டும். சுற்றி ஐந்து மாதமாகிறது. இன்னும் விட்டுவைத்தால் பட்டைக்குள் பதிந்துவிடும். அலுப்பாகத்தான் இருந்தது... எனக்கு எதுதான் அலுப்பாக இல்லை?

தூக்கம் வருவதில்லை என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஒருதரம் எழுதித் தொலைத்தேன். அவ்வளவுதான். ஒரு வாசகர் கசகசாப் பால் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் காப்பியை நிறுத்தச் சொன்னார். எழுமலையில் இருக்கும் என் மைத்துனர், “வாத்தியார் வேலைய விட்டுட்டு இங்கிட்டு வந்துருங்க மாப்ள” என்கிறார். எல்லோருக்கும் என்மேல் பிரியம். அந்தப் பிரியத்துக்கெல்லாம் பதில் எழுதியே கை ஓய்ந்து போகிறது.

புத்திமதி சொல்லாமல் வந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர்தான். மூன்று தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். கொடைக்கானலில் ஒரு தோட்டத்திலிருந்து வாங்கிய ஜூனிப்பர் கன்றுகள். முழ உயரம்கூட இல்லை. இலை என்று சொல்ல முடியாது — தொட்டால் குத்துகிற பச்சை முள்.

“கம்பி சுத்தி, நமக்குப் புடிச்ச மாதிரி வளைக்கணும் சார். ஜப்பான்ல போன்ஸாய்ங்கிறாங்க. ஒண்ணே ஒண்ணு, பச்சைய மொத்தமா உருவிராதீங்க. மொட்டையாப் போன கிளை மறுபடி துளிர்க்காது.”

“இந்தச் சண்டைக் காலத்துல ஜப்பான் வித்தைதான் கேக்குதாக்கும்” என்றாள் என் மனைவி. மண்ணெண்ணெய்க்குக் கியூ, அரிசிக்குக் கியூ. செம்புக்குக் கியூ கூட இல்லை, சரக்கே இல்லை. பாத்திரப் பட்டறை ஒன்றில் கெஞ்சி, ஒரு மரத்துக்குக் காணும் அளவுக்குக் கம்பி வாங்கினேன். அவர்களே அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டுக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால்தான் கம்பி இளகி, கை சொன்னபடி கேட்கும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போயிற்று. அடியிலிருந்து சாய்வாகச் சுற்ற வேண்டும். இறுக்கினால் பட்டை நசுங்கும், தளர்த்தினால் கிளை வளையாது. இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து, மரத்திடம் கேட்டுக் கேட்டு வளைக்க வேண்டும். முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் அன்றைக்குத் தூங்கினேன். மற்ற இரண்டுக்கும் கம்பி கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். இந்த மூன்றையும் மதுரை வெயிலில் பிழைக்கவைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த ஆசை.

தை மாதம் எழுமலையில் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். ஐந்து நாள் வீட்டில் யாரும் இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கருப்பையாவிடம் ஒப்படைத்தேன். வண்டியூர் தாண்டி மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். விடிந்ததும் பூக்கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டுப் போவார். இருபது வருஷத்துச் சிநேகிதம். அவர் கை வைத்த செடி பட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸில் ஊரிலிருந்து இருமிக்கொண்டே வந்து சேர்ந்தேன். கிணற்றடிக்குப் போனால், இரண்டு ஜூனிப்பர்கள் குச்சியாக நின்றன. ஒரு பச்சை இல்லை. கம்பி சுற்றிய மரம் மட்டும் அப்படியே இருந்தது. கருப்பையா பக்கத்தில் சிரித்த முகமாக நின்றார்.

“என்னப்பா இது?”

“கவாத்துண்ணே. தையில நம்ம மல்லியை இப்படித்தான் உருவி விடுவோம். ஒரு எலை இருக்கப்படாது. இது என்னமோ சுருண்டு முள்ளுமுள்ளாக் கெடந்துச்சு. மனசு கேக்கல. பதினஞ்சு நாள் பொறுங்க, எம்புட்டுத் துளிர் வருதுன்னு பாருங்க.”

“அப்ப, அதை மட்டும் ஏன் விட்டீங்க?”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “அதுக்குக் காப்புல்லண்ணே கட்டியிருக்கீக. என்ன நேத்திக்கடனோ, நான் கேக்கல. காப்புக் கட்டுன உடம்புல கத்தி படலாமா?”

அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் அதை அவிழ்க்கும்வரை முகத்தில் கத்தி வைக்கமாட்டார்கள். கருப்பையாவுக்கு மரமானால் என்ன, மனுஷனானால் என்ன? காப்பு காப்புதான்.

கோபம் வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது என்றே எழுதிவிடுகிறேன். ஆனால் பிரியத்தோடு செய்த ஒரு காரியத்தை என்னவென்று திட்டுவது? மோர் கொடுத்து அனுப்பினேன்.

பதினைந்து நாள் போயிற்று. மாசி போயிற்று. கருப்பையா தினமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்தக் குச்சிகளைக் குனிந்து பார்ப்பார். ஆட்டுப் புழுக்கை கொண்டுவந்து போட்டார். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். பங்குனியில் அவர் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்துத் தள்ளியது. அந்தப் பூவைச் சுமந்துகொண்டு வந்து, “இது மட்டும் ஏண்ணே கம்முனு இருக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

“செத்துப்போச்சுன்னு சொல்லிர வேண்டியதுதானே” என்றாள் மனைவி.

சொல்லலாம். சொல்லத் தெம்பு வேண்டாமா? சொன்ன பிறகு அந்த முகத்தைப் பார்க்க அதைவிடத் தெம்பு வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். செம்பு கிடைக்காத காலமாயிற்றே — கம்பியை வெட்டாமல் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். மரம் வளைத்த இடத்திலேயே நின்றது. பட்டையில் லேசாக ஒரு தடம், அவ்வளவுதான். ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கருப்பையா உள்ளே வந்தார்.

“காப்பு அவுத்தாச்சாண்ணே?”

“ஆச்சு.”

கூடையை இறக்கினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

“அந்த ரெண்டும் என்னைய ஏமாத்திருச்சு. தோட்டத்துல நின்னாலும் அதே நெனப்பாத்தான் இருக்கு. இதுல காட்டுறேண்ணே, கருப்பையா கை என்னன்னு. உருவி விட்டுருவமா?”

அவர் கண்ணில் இரண்டு மாதத்து அவமானம் இருந்தது. எனக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு மரம். உண்மையைச் சொன்னால் மரம் பிழைக்கும், அவர் உடைந்துபோவார்.

“இல்லப்பா. இன்னொரு நேத்திக்கடன் பாக்கி இருக்கு.”

பிரித்த கம்பியை எடுத்து, பட்டையில் படாமல் தொளதொளவென்று மறுபடி சுற்றினேன். கருப்பையா சட்டென்று இரண்டடி பின்னால் போய், கத்தியைச் செருகிக்கொண்டு, மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மைத்துனர் புதன்கிழமை வருகிறாராம். என் வேலை விஷயமாக நேரிலேயே பேசி முடித்துவிடப் போகிறாராம்.

கம்பியில் ஒரு சாண் மிச்சமிருக்கிறது — என் மணிக்கட்டுக்குப் போதும்.