நேராகச் செதுக்கிய பலகை

நான் எட்டாவது வரை படித்தவள். பீங்கான் கோப்பைக்குக் கரை போட்ட கைக்கு எழுத என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. அவள் சொல்லமாட்டாள்.

அவள், விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள். என்னைவிட நாலு வயது சின்னவள். நான் நீலக் கரை இழுப்பேன். அவள் பூப்படத்துக்குச் செப்புத் தகடு செதுக்குவாள். தகட்டில் மை தடவி மெல்லிய தாளில் ஒற்றினால் பூ இடம் வலம் மாறும். அந்தத் தாளைக் கோப்பையில் ஒட்டி, நனைத்து உரித்தால் மறுபடி நேராகிவிடும். அதனால் படம் எப்படி வேண்டுமோ அப்படியே தகட்டில் செதுக்கலாம். அவள் கைக்கு அதுதான் பழக்கம்.

ஒரு காணும் பொங்கலுக்கு அவளைச் செஞ்சிப் பக்கம் என் பிறந்த ஊருக்கு அழைத்துப்போனேன். ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குகை. அதன் வாசலில் காவி நிறத்தில் குச்சி குச்சியாய் மனிதர்களும் இரண்டு மான்களும். மாடு மேய்த்தவர்கள் கிறுக்கியது என்று நினைத்து, அதன் கீழே உட்கார்ந்து புளியங்காய் தின்று வளர்ந்தவள் நான். அவள் போய் நின்றவள் சோற்றுக்குக்கூட வரவில்லை. ஒன்பது பேர், எல்லோரும் இடப்பக்கமாகக் குகைக்குள்ளே போகிறார்கள் என்றாள். இருபத்தைந்து வருஷம் பார்த்த என் கண்ணுக்கு அது தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பொறாமை.

அவள் காகிதம் காகிதமாக அந்த மனிதர்களையே போட்டாள். நானும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்தேன். ஈர்க்குச்சி மாதிரி வந்தது. அழித்துவிட்டேன். பட்டறைக்கு வந்த சென்னை ஓவிய ஆசிரியர் ஒருவர் அவள் படங்களைப் பார்த்தார். எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் வரைந்தவை இவை, மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்துக் கொடுத்தால் கண்காட்சியில் வைக்கிறேன் என்றார். அந்தப் பாறை யார் ஊரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம்.

இரண்டு மாதம் செதுக்கி, பலகையை முதலில் என்னிடம்தான் காட்டினாள். பாறையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பலகையில் ஒன்பது பேரும் இடப்பக்கமே போனார்கள். என் வீட்டுக்காரர் அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவர். அங்கே ஈய எழுத்தெல்லாம் திரும்பித்தான் இருக்கும். பலகையிலிருந்து நேரே காகிதத்தில் விழுந்தால் எல்லாம் இடம் வலம் மாறிப்போகும் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்குது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அச்சாபீஸில் என் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுத்தார். முதல் தாளை அவள் இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அதுதான் உண்மை.

"யக்கா, உள்ள போனவங்கல்லாம் வெளிய வராங்க பாரு" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அச்சாபீஸ்காரர் பொண்டாட்டி நீ. ஒனக்குத் தெரியாமயா இருந்திச்சி?"

என் கையில் மையே படவில்லை. இருந்தாலும் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படம் திரும்பிப்போன கதையை எழுதி, அந்தப் படத்தையே சென்னைக்கு அனுப்பினாள். வெளியே வருகிறார்களே, அதுதான் அழகு என்று ஆசிரியர் கடிதம் எழுதினாராம். பாறைப் படங்களாகவே செதுக்கி அவள் பிறகு பேர் வாங்கினாள். நான் நினைத்த கெடுதலும் அவளுக்கு நல்லதாகவே போய்ச் சேர்ந்தது. இன்றுவரை அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அச்சடித்த மறுநாள் திங்கட்கிழமை. அவள் தன் மணையை என் பக்கத்திலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் போட்டிருந்தாள். நான் சாயங்காலம் வரை கரை இழுத்தேன்.