மெத்தையும் என் மூச்சும்

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி வெள்ளகோவிலிலிருந்து திருப்பூருக்கு வந்த புதிது. என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அங்கேயே தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டினேன். பனியனுக்கு வெட்டியது போக மிஞ்சும் துணித் துண்டுகளை வேஸ்ட் என்போம். அதை மூட்டையாக வாங்கி வந்து, எனக்கென்று ஆசையாக ஒரு மெத்தை தைத்தார் அவர். பாயிலேயே படுத்துப் பழகிய எனக்கு அதில் தரையே மறந்துபோனது.

மத்தியானம் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் தூணாக இறங்கும். மெத்தையைத் தட்டினால் பொன்னிறத்தில் தூசி எழுந்து, வெளிச்சத்துக்குள் மெல்லச் சுற்றும். எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

பிறகுதான் இழுப்பு வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். கம்பெனிப் பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். திருப்பூரில் யார் இருமினாலும் பழி பஞ்சின் மேல்தான்! வேலையை விட்டேன். நான் சாய்ந்து படுக்கட்டும் என்று இன்னொரு மூட்டை வேஸ்ட் வாங்கி, மெத்தையைத் தடிமனாக்கினார் கணவர், பாவம். இழுப்பு இன்னும் மோசமானது.

கூத்து என்னவென்றால், அம்மா வீட்டுக்குப் போனால் கொஞ்ச நாளில் சரியாகிவிடும். மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன் கண்ணு, உங்கம்மா ஊட்டுக்குப் போனா மட்டும் அந்த இழுப்பு எங்க போயி ஒளிஞ்சுக்குது? பேசாம அங்கயே இருந்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குப் பயம். நிஜமாகவே அங்கே விட்டுவிடுவார்களோ?

கடைசியாகக் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மாமியாரும் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "அம்மா ஊட்டுல எதுல படுப்பீங்க?" என்றார்.

"பாயிலீங்க."

"இங்க?"

"மெத்தைங்க. நானே தெச்சதுங்க" என்றார் கணவர் பெருமையாக.

மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்குமாம். நம் உடம்பில் உதிரும் தோல்தான் அவற்றுக்குத் தீனி. அவற்றின் எச்சம் மூச்சோடு உள்ளே போனால், சிலருக்கு மூச்சுக்குழாய் ஏதோ எதிரி புகுந்துவிட்டதாக நினைத்துக் கொதித்துப்போகுமாம். உள்பக்கம் சிவந்து வீங்கி, சளி கட்டி, காற்று போகும் வழி சுருங்கிவிடுமாம்.

"அப்ப இவ நடிக்கலீங்களா?" என்றார் மாமியார்.

"இல்லீங்க. நெசமாலுமே மூச்சு முட்டுதுங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் மெத்தையைத் தலையில் தூக்கி வெளியே கொண்டுபோனார். மாமியார் கடைக்குப் போய் ஒரு புதுப் பாயோடு வந்தார்.

"உங்கம்மா ஊட்டுப் பாய்க்கு இதொண்ணும் எளப்பமில்ல. படு கண்ணு."

கொஞ்ச நாளில் நெஞ்சு விசில் ஓய்ந்தது. மறுபடி கம்பெனிக்கே போனேன். அத்தனை பஞ்சுக்கு நடுவிலும் ஒன்றும் ஆகவில்லை.

வெயில் வெளிச்சத்தில் தூசி மிதப்பதைப் பார்த்தால் இன்றும் சொக்கித்தான் போகிறேன். ஆனால் யாராவது முடியவில்லை என்று சொன்னால், நடிப்போ என்று நினைக்க மட்டும் எனக்கு இன்றுவரை மனசு வருவதில்லை.