முப்பத்தெட்டாவது படம்

காலை எட்டு மணி. பதுளையில் ஒரு பழைய சாமான் கடையில் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பிலிம் கேமரா ஒன்று வாங்கினேன். அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அது மட்டும் நன்றாக வேலை செய்தது.

"பழகுறவங்களுக்குன்னே செஞ்சது. சின்னப் பிள்ளையும் படம் எடுக்கும்," என்றார் கடைக்கார நானா. அதன்பின், பிலிம் மாட்டத் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? பசறை போகும் பஸ்ஸின் குலுக்கலில் நானே மாட்டிக்கொண்டேன்.

கொழும்பில் என்னோடு வேலை செய்யும் செல்வியின் தாய் மாரியாயி அக்காவுக்கு நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் அன்று கடைசி நாள் வேலை. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். "அம்மாவக் கூடையோட எடுத்துட்டு வாங்க சார்," என்று செல்வி கேட்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு மலையில் இருந்தேன். கேமராவுக்குள் பார்த்தால் தேயிலையும் பனியும் பெண்களும் தண்ணீருக்கடியில் அசைவதுபோல் தெரிந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஏதோ 'டப்' என்று இமைக்கும். அந்தச் சத்தத்துக்கே பாதிப் படம் எடுத்திருப்பேன்.

மாலை நான்கரை, கொழுந்தின் கடைசி நிறுவை. அக்கா கூடையைக் கவிழ்ப்பதை எடுத்தேன். கேமராவில் எண் முப்பத்தாறு; பிலிமில் இருப்பதே அவ்வளவுதான். பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தால் இன்னும் வருகிறது. முப்பத்தேழு. ஆகா, இனாம் என்று மகிழ்ந்தேன். முப்பத்தெட்டில் வியர்த்தது. கொழுந்து மூட்டைகள் லொறியில் ஏறிவிட்டன.

"ஏன் தம்பி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னேன். இருட்டில் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அக்கா தன் கம்பளியை என் தலையில் போர்த்தினார். உள்ளே கேமராவைத் திறந்து தடவினேன். பிலிமின் நுனி, சுற்ற வேண்டிய உருளையிலிருந்து நழுவிச் சும்மா கிடந்தது. ஒரு படம்கூடப் பதியவில்லை.

"அப்ப காலையிலேருந்து சும்மாவா பல்லக் காட்டுனோம்?" என்றாள் ஒருத்தி. மலையே சிரித்தது. கம்பளிக்குள்ளிருந்து வெளியே வர எனக்கு மனமில்லை.

"போனது போகட்டும், மறுபடி மாட்டுங்க," என்றார் அக்கா. "செல்விக்குத்தான் கூடை வேணும். எனக்குக் கூடையில்லாம ஒன்னு எடுங்க."

பனிக்குள் நிமிர்ந்து, கைவீசி நின்றார். எடுத்தேன். இம்முறை லீவர் இறுக்கமாக நகர்ந்தது. கூடையோடு இன்னொன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பில் படத்தைச் செல்வியிடம் கொடுத்தேன். கூடை எங்கே என்று கேட்பாள் என நான்கு பொய்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கம்மா இவ்வளவு உயரமா சார்?"