புதைமேட்டுக்காரன் படுத்திருந்த விதம்

பஹ்ரைன் அருங்காட்சியகத்தில் பழங்காலப் புதைமேடுகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. அங்கே ஏசி பழுதுபார்க்கப் போனேன். கூடத்தின் நடுவில், ஒரு புதைமேட்டைப் பாதியாக அறுத்துவைத்த மாதிரி கட்டியிருந்தார்கள். உள்ளே கற்குழியில் ஓர் எலும்புக்கூடு ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையை முகத்தருகே வைத்துக் கிடந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இவன் ஏன் என்னைப் போலப் படுத்திருக்கிறான்?

எங்கள் ஊரில் பிணத்தைத்தான் மல்லாக்க, நேராகக் கிடத்துவோம். நான் அப்படிப் படுத்தால் அம்மா தட்டி எழுப்பித் திருப்பிவிடுவாள். அதிலிருந்து ஒருக்களித்துப் படுத்தே பழக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. மதியம் தொழிலாளர் கேம்பில், என் கீழ்க்கட்டிலில் ஒருக்களித்தேன், மல்லாந்தேன், மறுபடி ஒருக்களித்தேன். கட்டில் கிறீச்சிட்டது. மேல்கட்டில்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, மூட்டைப்பூச்சியா?”

“ஆமாப்பா,” என்றேன்.

அவர் மருந்து டப்பாவை நீட்டினார். வாங்கி, மெத்தை முழுக்க அடித்தேன்.