அச்சில் கறுத்த ரோஜா மாலை

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் நண்பனும் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் டிசைன் கடை நடத்தினோம். இருவரும் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள். முன்னறையில் என் மெஷின். முப்பரிமாண உருவங்களைச் செய்து, ரெண்டர் போட்டுப் படமாக எடுப்பது என் வேலை. பின்னறையில் அவன். அந்தப் படங்களை போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்து, ஸ்கேன் செய்த முகங்களோடு சேர்த்து, எழுத்து வைத்து அச்சுக்கு அனுப்புவான். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. எங்கள் சண்டையெல்லாம் அதைத் தாண்டித்தான் நடக்கும்.

என் திரையில் பளிச்சென்று இருக்கும் படம் அவன் திரைக்குப் போனதும் இருண்டுவிடும். மஞ்சள் சாணி நிறமாகும், ரோஜா நிறம் ரத்தமாகும். அவன் என் மெஷினைத் திட்டுவான், நான் அவன் கண்ணைத் திட்டுவேன். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். ஒருமுறை நான் ஸ்டூலைத் தூக்கி வீசியதில் அவன் புருவம் கிழிந்தது. அவன் மட்டும் சும்மா இருப்பானா? கீபோர்டைப் பிடுங்கி என் காதோடு சேர்த்து ஒன்று வைத்தான். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் அதே படத்தைத் திறந்தோம். அது அப்போதும் இருட்டாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். என் சாஃப்ட்வேர் தன் திரையில் காட்டும்போது மட்டும் படத்தை வெளிச்சமாக்கிக் காட்டும். ஃபைலாகச் சேமிக்கும்போது அந்த வெளிச்சத்தைச் சேர்க்காது. படத்திலேயே அதைத் திருத்தி அனுப்பியிருக்க வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அவன் வேறொரு வழி கண்டுபிடித்தான். ஆயுத பூஜைக்கு இரண்டு மானிட்டர்களின் கண்ணாடியிலும் குங்குமம் வைத்திருந்தோம். சாமிக்கு வைத்ததை யாரும் துடைக்கவில்லை. என் திரையில் அந்தக் குங்குமத்துக்குப் பக்கத்தில் நிறம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டு ஓடிப்போய், தன் மானிட்டரின் பிரைட்னஸ் குமிழைத் திருகித் திருகி அதே மாதிரி கொண்டுவந்தான். செட்டாகிவிட்டது என்று மார்தட்டினான். நானும் நம்பினேன். குமிழைத் திருகினால் திரைதான் வெளுக்கும், படம் வெளுக்காது என்பது எங்கள் இரண்டு மண்டைகளுக்கும் உறைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பருத்திப்பட்டில் லாரி ஷெட் வைத்திருந்த ஒருவர் வந்தார். முந்தைய வருடம் அவருடைய தம்பியை ஏரிக்கரையில் கழுத்தில் வெட்டிக் கொன்றிருந்தார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் போஸ்டர் வேண்டும் என்றார். அம்மா அதன்பிறகு குத்தம்பாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாளாம். நினைவுநாளன்றுதான் முதல்முறையாகத் திரும்பி வருகிறாள், தம்பி முகம் சிரித்தபடி வெளிச்சமாக இருக்கவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நான் வெளிர் ரோஜா மாலை ஒன்றை ரெண்டர் போட்டேன். நண்பன் அதைக் கழுத்தை ஒட்டி வைத்து, தன் திரையில் வெளுத்துத் தெரிந்த முகத்தையும் மாலைக்கு ஏற்றபடி இருட்டாக்கினான். அவன் திரையில் அவ்வளவு அழகாக இருந்தது. அச்சகத்திலிருந்து கட்டுகள் நேராகப் போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் போயின.

நினைவுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அண்ணன்காரர் ஆட்களோடு உள்ளே வந்தார். என் தலைமுடியைப் பிடித்து மானிட்டரில் மோதினார். நண்பனைப் பின்னறையில் போட்டு மிதித்தார்கள். அவன் விலா எலும்பு முறிந்த சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பிறகு ஒரு போஸ்டரை என் முகத்துக்கு நேரே விரித்தார். மாலை கருஞ்சிவப்பாகி, கட்டிதட்டிய ரத்தமாகக் கழுத்தைச் சுற்றிக்கிடந்தது. முகம் பிணமாகக் கறுத்திருந்தது.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில இப்டிதான்டா கெடந்தான். சுடுகாட்டுக்குப் போற வரைக்கும் துணி சுத்தியே வச்சிருந்தேன், எங்கம்மாவ பாக்க உடல. இப்போ அது பஸ்ல வந்துகினு கீது. எறங்கறதுக்குள்ள இது ஒரு செவுத்துல இருந்திச்சினாகூட உங்க ரெண்டு பேரையும் கூறு போட்டுடுவேன்."

வண்டியில் ஏற்றிப் பருத்திப்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். மைதாப் பசை காய்ந்து, காகிதம் சுவரோடு சுவராகப் பிடித்திருந்தது. நகத்தில் வராததால் லாரி ஷெட்டிலிருந்து பெயிண்ட் சுரண்டும் தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிமிர முடியாத நண்பன் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுவரில் தண்ணீர் ஊற்றினான். நான் சுரண்டினேன். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கியது, துடைக்க நேரமில்லை. அண்ணன்காரரும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு எங்களைவிட வேகமாகச் சுரண்டினார்.

கடைசிப் போஸ்டர் பஸ் ஸ்டாப் சுவரில் இருந்தது. மாலையும் கழுத்தும் ஒரே இழுப்பில் கிழிந்து வந்துவிட்டன. முகம்தான் வரவில்லை. தகட்டைக் கண்களின்மேல் குறுக்காக வைத்து அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் பூந்தமல்லி பஸ் வந்து நின்றது, அண்ணன்காரரின் அம்மா இறங்கினாள்.

அந்தச் சிவப்பை அவள் பார்க்கவில்லை. மகனின் பாதி முகத்தையும் அதன்மேல் இருந்த என் கையையும்தான் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

"வெட்னது போதலையாடா? இன்னும் எம்புள்ள மூஞ்சிய சொரண்றீங்களே."

பிறகுதான் பெரிய மகன் கையிலும் ஒரு தகடு இருப்பதைக் கண்டாள். அவர் வாயைத் திறந்தார். காரணம் சொல்ல வேண்டுமானால் அந்தக் கழுத்து எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டார். அவள் இரண்டு கைகளாலும் அவர் முகத்தில் மாறி மாறி அறைந்தாள். கை ஓயும் வரை அறைவதற்கு வசதியாக, அவர் கொஞ்சம் குனிந்து நின்றார்.